தோட்டப்புற நகரில் உளவியல் மதிப்பீடு: புதிதாகப் பணியேற்பவருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் மருத்துவ உளவியலாளராகப் பணியேற்பவரிடம் மதிப்பெண் தரும் கருவிகள் போதுமான அளவு இருக்கும். ஆனால் ஒருவர் எந்த மொழியில், யார் முன்னிலையில், எந்த அச்சத்தோடு பதில் சொன்னார் என்பது தெரியாதவரை அந்த மதிப்பெண்ணை முடிவாகக் கொள்ளக் கூடாது. அவற்றை அறிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

சந்திப்பு நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர் விடியலுக்கு முன்பே மரத்தடிக்குப் போய்விடுவார். செம்பனைக் குலை வெட்டுபவருக்கு வேலைக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை. அவரைக் காலையில் வரச் சொல்லிவிட்டு, வராதபோது ஒத்துழைக்காதவர் என்று கோப்பில் எழுதுவது நியாயமன்று. அதே வேளையில், தோட்டப்புறத்தார் எல்லாருமே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்பவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்ட நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் பல குடும்பங்கள் நகரத்து மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்தன. தாத்தா பால் வெட்டியவராகவும் பேத்தி தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவராகவும் இருக்கும் வீட்டில், இருவருடைய கவலைகளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உறவினர் ஒருவர் துணைக்கு வருவது வழக்கம். அவரை விரட்ட வேண்டாம். முதல் சில நிமிடங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவது தங்கள் வழக்கம் என்று சொல்லிவிட்டால், தனியாக அழைக்கப்பட்டவர்மீது யாருக்கும் சந்தேகம் எழாது. மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அமர்த்தவே கூடாது. மருத்துவமனையில் வேலை செய்யும் தமிழர் ஒருவரை அழைப்பதாக இருந்தால், அவர் நோயாளிக்கு அண்டை வீட்டுக்காரரா, உறவினரா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்; சிறிய ஊரில் இது அரிய செய்தியன்று. குடும்பமே பகிர்ந்துகொள்ளும் கைப்பேசியில் சந்திப்பின் காரணத்தைச் சொல்லாமல் விடுவதும் இதே எச்சரிக்கையைச் சேர்ந்தது.

முதல் நேர்காணலுக்கு, 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் உள்ள பண்பாட்டு நேர்காணல் நல்ல துணை. அதில் 16 கேள்விகள் உண்டு. பதினாறையும் ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை. உங்களுக்கு என்ன சிரமம், இதை வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதுவரை யாரிடம் போனீர்கள், அதில் எது உதவியது என்று கேட்டாலே பேச்சு தானாக விரியும். ‘ஆமாங்க டாக்டர்’ என்ற பதிலை மட்டும் எளிதில் நம்பிவிடாதீர்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணிக்கும் எழுத்தரான கிராணிக்கும் மறுத்துப் பேசாமல் வாழ்ந்த தலைமுறையின் பழக்கம் அதில் இருக்கலாம். உங்களுக்கும் தமிழ் தெரியும் என்பதால் மட்டும் அந்த இடைவெளி மறைந்துவிடாது. ஆம், இல்லை என்று முடியும் கேள்வியை விட்டுவிட்டு, கடைசியாக அப்படி நடந்த நாளை விவரிக்கச் சொல்லுங்கள்.

வினாத்தாள்களில் இதன் விளைவு நன்றாகவே தெரியும். பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. மொத்தம் 0 முதல் 27 வரை வரும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேலும் விசாரிப்பது வழக்கம். அதில் களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளும் உண்டு. இருட்டில் எழுந்து உடலுழைப்பில் ஈடுபடும் ஒருவர் இவற்றுக்கு ஆம் என்று சொல்வதில் வியப்பில்லை. முன்பு இதே வேலையில் இருந்தபோது இப்படி இருந்ததா, எப்போது மாறியது என்று கேட்டால்தான் நோயையும் உழைப்பையும் பிரித்துப் பார்க்க முடியும். எதிர்ப்பக்கத் தவறும் நேரும்: நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது என்று மட்டும் சொல்லும் பெண்ணை உடல் நோயாளி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. இதை நேராகவும் தனிமையிலும் கேட்க வேண்டும். கேட்பதனால் எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. பதில் சொன்னால் போலீஸ் வருமோ என்று பயப்படுவோர் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டதை அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்து, வீட்டில் களைக்கொல்லி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேளுங்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 தொடக்கத்தில் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. ஆனால் கொட்டகையில் வேறு நச்சு மருந்துகள் இருக்கும். வெளியே அகற்றுவது, முடியாவிட்டால் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பது என்று அன்றே குடும்பத்தாருடன் முடிவு செய்ய வேண்டும். மேல்சிகிச்சைக்கு 1911இல் தொடங்கிய உலு கிந்தா மனநல மருத்துவமனைக்கு அனுப்பும்போது, அது இருக்கும் ஊரான ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற பெயர் இங்கே ஏளனச் சொல்லாகப் புழங்குவதை மறந்துவிடாதீர்கள். ஏன் அனுப்புகிறீர்கள், அங்கே என்ன நடக்கும் என்று விளக்காமல் கடிதத்தை நீட்டினால் அது பெட்டிக்குள் போய்விடும்.

சாமி வந்து ஆடுவதை நோய் என்று அவசரப்பட்டுக் குறித்துவிடக் கூடாது. திருவிழாவில், எல்லாரும் ஏற்கும் சடங்கில் ஏற்பட்டு, சடங்கு முடிந்ததும் நீங்கும் நிலையை டிஎஸ்எம்-5ம் கோளாறாகக் கருதுவதில்லை. வேண்டாத வேளையில் வருகிறதா, வேலையும் வீடும் பாதிக்கப்படுகின்றனவா, ஊராரே அதை வழக்கத்துக்கு மாறானதாகக் காண்கிறார்களா என்று பாருங்கள். பூசாரியிடம் போவதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. விரதத்தின்போதும் பரிகாரத்தின்போதும் மாத்திரை நிறுத்தப்படுகிறதா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

மிகுந்த நிதானம் தேவைப்படுவது பிள்ளைகள் விஷயத்தில். வீட்டில் தமிழும் பாடநூலில் மலாயும் கைப்பேசியில் ஆங்கிலமுமாக வளரும் தமிழ்ப்பள்ளி மாணவனை, படிப்பு ஏறவில்லை என்று ஆசிரியர் அனுப்புவார். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க அனுப்புங்கள். பள்ளிக்கு வந்த நாள்களின் பதிவைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்து 100ஐச் சராசரியாகவும் 15ஐத் திட்டவிலக்கமாகவும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) கணக்கிட்ட அறிவுத்திறன் சோதனையை நீங்களே தமிழாக்கிக் கேட்டுவிட்டு, கிடைத்த எண்ணை அந்த அட்டவணையோடு ஒப்பிடக் கூடாது. சொல்வளத்தையும் பொது அறிவையும் சோதிக்கும் பகுதிகளில் பிள்ளையின் திறனைவிட அவன் கேட்டு வளர்ந்த மொழியே அதிகம் பேசும். படங்களால் ஆன சோதனை ஓரளவு உதவும். ஆனால் அதுவும் பண்பாட்டைக் கடந்ததன்று. அறிவுசார் குறைபாடு என்று தீர்மானிக்க அறிவுத்திறன் மட்டும் போதாது. அன்றாடச் செயல்திறனிலும் குறை இருக்க வேண்டும், அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்கவும் வேண்டும். கடைக்குப் போய் மீதிக் காசு சரிபார்த்து வாங்குகிறானா, தம்பியைப் பார்த்துக்கொள்கிறானா என்று தாயையும் பாட்டியையும் தனித்தனியே கேட்டால், சோதனை சொல்லாத பல செய்திகள் வரும். மாற்றுத்திறனாளி அட்டைக்கான பதிவு கட்டாயமன்று என்பதையும், சிறப்புக் கல்வி வகுப்பில் என்ன கிடைக்கும், என்ன விட்டுப்போகும் என்பதையும் பெற்றோர் அறிந்த பிறகே கையெழுத்துக் கேட்க வேண்டும்.

அறிக்கையில் எந்த மொழியில் சோதித்தீர்கள், எந்தப் பகுதியை மாற்றிக் கேட்டீர்கள், எந்த எண்ணை ஏன் தரவில்லை என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். எண்ணைத் தனியாகக் கொடுக்காமல், பிழை எல்லையோடு ஒரு வீச்சாகக் குறிப்பிடுங்கள். பள்ளிக்குப் போகும் பிரதியிலிருந்து குடும்பச் சண்டை, குடி, கடன் போன்ற விவரங்களை நீக்கிவிட்டு, ஆசிரியர் வகுப்பில் செய்யக்கூடியதை மட்டும் வைத்து, மறுமதிப்பீட்டுக்கான மாதத்தையும் அதிலேயே குறித்துக் கொடுங்கள்.