வட்டார ஏற்றத்தாழ்வை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகளில் பத்தாவது, நாடுகளுக்கு இடையே மட்டுமின்றி ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் நிலவும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சொல்கிறது. எந்த வட்டாரம் பின்தங்கியது என்பதைத் தவறாகக் கணித்தால், நிதியும் தவறான இடத்துக்கே போய்ச் சேரும்.

ஒரு மாவட்டத்தின் தலா உற்பத்தியை அங்கு வாழ்வோரின் வருமானமாகவே கொள்வது மிகப் பரவலான தவறு. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் உற்பத்தி காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில் சேர்கிறது. ஆனால் அவற்றின் லாபம் வெளியிலுள்ள முதலீட்டாளர்களுக்கும், கூலியில் ஒரு பகுதி புலம்பெயர்ந்த தொழிலாளரின் சொந்த ஊர்களுக்கும் போகிறது. கேரளத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது: வளைகுடாவிலிருந்து குடும்பங்களுக்கு வரும் பணம் மாநில உற்பத்திக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. வாழ்க்கைத்தரத்தை அறிய வேண்டுமெனில் நுகர்வுச் செலவு, ஊட்டச்சத்து, பள்ளிக்கல்வி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

எல்லை மாற்றங்களைக் கவனியாமல் விடுவது, எளிதில் கண்ணுக்குப் படாத தவறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. இன்று 38 உள்ளன. அன்றைய விழுப்புரத்தில் கள்ளக்குறிச்சியும் அடங்கியிருந்ததால், அதை இன்றைய விழுப்புரத்தோடு ஒப்பிடுவது இரு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுவதாகும். மேலும், மாவட்டம் பிரிக்கப்படும்போது முன்பு அதற்குள் மறைந்திருந்த இடைவெளி மாவட்டங்களுக்கு இடையிலான இடைவெளியாகக் கணக்கில் ஏறுவதால், ஒருவருடைய வாழ்வும் மாறாத நிலையிலும் ஏற்றத்தாழ்வு கூடிவிட்டதாகக் குறியீடு காட்டக்கூடும். புதிய மாவட்டங்களின் தரவைப் பழைய எல்லைக்குள் ஒன்றுசேர்த்த பிறகே காலப்போக்கை ஒப்பிட வேண்டும்.

மக்கள்தொகைக்கு ஏற்ற எடை தராமல் கணக்கிட்டால், 2011இல் சுமார் 6 லட்சம் பேர் வாழ்ந்த சிக்கிமும் ஏறத்தாழ 20 கோடிப் பேர் வாழ்ந்த உத்தரப் பிரதேசமும் சமமாகிவிடும். மாநில அரசுகளின் செயல்பாட்டை ஒப்பிடுவதற்கு அது பொருந்தலாம்; மக்களின் நிலையைச் சொல்வதற்குப் பொருந்தாது.

மாவட்டச் சராசரியோடு நின்றுவிடுவதும் போதாது. பட்டாசு, அச்சுத் தொழில்களுக்குப் பெயர்பெற்ற சிவகாசியைக் கொண்ட விருதுநகர், பின்தங்கிய மாவட்டங்களை மேம்படுத்த 2018இல் ஒன்றிய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் இராமநாதபுரத்தோடு இடம்பெற்றது. மொத்த ஏற்றத்தாழ்வை வட்டாரங்களுக்கு இடையிலானது, வட்டாரத்துக்கு உள்ளேயே இருப்பது எனப் பிரித்துக் காட்டும் தைல் குறியீடு இங்கே கைகொடுக்கும். ஆனால் தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற மாதிரிக் கணக்கெடுப்புகள் மாவட்ட அளவு வரைக்குமே வடிவமைக்கப்பட்டவை. அவற்றைக் கொண்டு மாவட்டத்துக்குள் இருக்கும் ஊராட்சி ஒன்றியங்களைத் தரவரிசைப்படுத்தக் கூடாது. மாவட்டங்களுக்கு இடையே தெரியும் ஓரிரு சதவீதப் புள்ளி வேறுபாடும், எல்லோரையும் கேட்காமல் ஒரு பகுதியினரை மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழையின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும் என்பதால், மதிப்பீட்டுடன் அதன் பிழை வரம்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.