வால்பாறைக்கு முதல்முறை போகிறவர்கள் செய்யும் தப்புகள் (எல்லாம் நான் செய்தவைதான்)

போன மாதம் கூழாங்கல் ஆற்றுப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பையன்கள் ஆற்று நடுவில் இருந்த பாறையில் பை, செருப்பு, போன் எல்லாவற்றையும் குவித்து வைத்துவிட்டுத் தண்ணீரில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அச்சு அசலாகப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய நான். அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், வாந்தி வந்தால் எலுமிச்சை முகருங்கள் என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள்.

மேப் சொல்லும் நேரத்தை நம்புவது

பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள்; ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க எல்லோரும் இறங்குவார்கள், அப்புறம் சாலைச் சுவரில் வரையாடு நின்றால் இன்னொரு கால் மணி நேரம் போச்சு. இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பாதியில் கருகல் வாடை வரும்.

'முழங்கால் தண்ணிதானே'

இதுதான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும் தப்பு.

எனக்கு நடந்தது ஓர் அக்டோபரில். மதியம் இரண்டு மணி, நாங்கள் நின்ற இடத்தில் சுள்ளென்று வெயில். அடியில் கிடந்த கற்களை எண்ணிவிடலாம், தண்ணீர் அவ்வளவு தெளிவு. தேயிலைக்குள்ளிருந்து கொழுந்துப் பையோடு இறங்கி வந்த அக்கா ஒருவர், "தம்பி, மேல கருக்கிடுச்சு, ஏறி வந்துடுங்க" என்றார். "சரிக்கா, அஞ்சு நிமிஷம்" என்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் போனது ஒரு கேமரா, இரண்டு லென்ஸ். ஏழு மாதத் தவணை மட்டும் மிச்சம்.

முதலில் மாறியது நிறம். கணுக்காலைச் சுற்றி ஓடிய தண்ணீரில் யாரோ டிகாஷன் ஊற்றிய மாதிரி லேசாகப் பழுப்பு ஏறியது, பிறகு சருகு, சுள்ளி, நுரை. நாங்கள் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம்! தண்ணீர் தொடைக்கு வந்தபோதுதான் ஓடினோம், நடுப்பாறையில் இருந்த கேமரா பையை எடுக்கத் திரும்பிய என்னை நண்பன் காலரைப் பிடித்து இழுத்தான். பை மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது. அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தலையில் அடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

இங்கே ஓடைகள் நீளம் குறைந்தவை, சரிவுகள் செங்குத்து. மேல் மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் அந்தத் தண்ணீர் தேங்க இடமில்லாமல் நேராக ஆற்றுக்கு வந்துவிடும், கீழே நிற்பவன் தலையில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இதே மலையில்தான் இருக்கிறது. கலங்கிய தண்ணீரில் பாறை எது, பள்ளம் எது என்று தெரியாது. கல்லின் மேல் பாசி வேறு. மழை இல்லாத நாளிலும் நம்ப முடியாது, முழங்கால் ஆழத்துக்கு இரண்டடி தள்ளியே ஆள் ஆழம் இருக்கும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளித்த ஐந்து கல்லூரி மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள்.

இதையெல்லாம் அந்தப் பையன்களிடம் போய்ச் சொன்னேன். "முழங்கால்தானே அங்கிள்" என்றான் ஒருவன். அங்கிள் வேறு!

கரையில் உட்காருங்கள். இறங்கியே தீருவேன் என்றால் பை கரையில் இருக்கட்டும், மலையைப் பார்த்தபடி ஒருவர் கரையிலேயே நிற்கட்டும். எஸ்டேட்காரர்கள் ஏறச் சொன்னால் காரணம் கேட்காமல் ஏறுங்கள்.

தேயிலைக்குள் இறங்கி போட்டோ

அது ஒருத்தருடைய தோட்டம், பூங்கா இல்லை. இடுப்பளவு செடிக்குள் காட்டெருமை படுத்திருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது, சிறுத்தையும் உண்டு. மருந்தடித்த செடியைத் தடவிவிட்டு அதே கையால் சிப்ஸ் தின்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொழுந்து பறிப்பவர்களை நிறுத்தி போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள்; நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் பையின் எடையில் குறையும்.

இருட்டிய பிறகு வண்டி எடுப்பது

வேண்டாம். கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம்.

சிங்கவால் குரங்குக்கு பிஸ்கட்

கூடாது.

ஜூலையில் 'பச்சையைப் பார்க்க' போவது

பச்சை தெரியாது, வெள்ளைதான் தெரியும். மழை, மூடுபனி, சாக்ஸுக்குள் அட்டை. எனக்கு அது பிடிக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

அப்படியே அதிரப்பள்ளியும்

சோலையாறு கீழே சாலக்குடி ஆற்றில் சேர்கிறது, அந்த ஆறுதான் அதிரப்பள்ளியில் 80 அடி விழுகிறது. அதனால் ஆற்றோடு ஆறாக நாமும் இறங்கிவிடலாம் என்று ஆசை வரத்தான் செய்யும். கேரள எல்லையில் இருக்கும் மளுக்கப்பாறை தாண்டிய காட்டுச் சாலைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, பிந்தினால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு ராத்திரி தங்கி, காலையில் புறப்படுங்கள். அப்புறம், 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், சாவடியில் வந்து நின்றுகொண்டு ஓடிபிக்காகப் போனை ஆட்ட வேண்டாம்.