பழைய லோன் பாக்கி, முடங்கிய கணக்கு: இருந்தாலும் புதிய வங்கிக் கணக்கு தொடங்குவது எப்படி

சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இனி எந்த வங்கியும் நமக்குக் கணக்குத் தராது என்று முடிவு கட்டிக்கொண்டு, சம்பளத்தைத் தம்பி கணக்கிலும் மனைவி கணக்கிலும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேமிப்புக் கணக்கு தொடங்க இத்தனை ஸ்கோர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எங்கேயும் சொல்லவில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் இருப்பது நீங்கள் வாங்கிய கடன், கிரெடிட் கார்டு, அதை எப்படிக் கட்டினீர்கள் என்ற விவரம். உங்கள் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருந்தது, மினிமம் பேலன்ஸ் குறைந்ததா என்பதெல்லாம் அதில் வராது. கடன் கேட்டால் ஸ்கோர் குறுக்கே நிற்கும். பணம் போட்டு எடுக்க ஒரு பாஸ்புக் கேட்பதற்கு அது தடையே இல்லை.

அப்புறம் ஏன் கவுன்டரில் திருப்பி அனுப்புகிறார்கள்? பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும். அதே வங்கியில் கடன் பாக்கி, அதே வங்கியில் மறந்துபோன பழைய கணக்கு, போலீஸ் முடக்கிய கணக்கு, இல்லையென்றால் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகாத ஆவணங்கள். உங்களுடையது எது என்று தெரியாமல் வங்கி வங்கியாக ஏறி இறங்குவதுதான் வீண் அலைச்சல்.

என் அக்கா அப்படித்தான் அலைந்தாள். வேடசந்தூர் பக்கம், மகளிர் குழு லோன். குழுவில் இரண்டு பேர் ஊரைவிட்டுப் போனதும் தவணை நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் நூறு நாள் வேலைச் சம்பளம் வந்த அவளுடைய கணக்கில் ஹோல்டு போட்டுவிட்டார்கள். பணம் வரும், பாஸ்புக்கில் தெரியும், எடுக்க முடியாது. வேறு கணக்கு தொடங்கலாம் என்று பக்கத்து ஊர்க் கிளைக்குப் போனாள். அது அதே வங்கியின் கிளை! ஆதார் எண்ணைத் தட்டியதும் பழைய கஸ்டமர் ஐடி வந்தது, லோன் நிலுவையும் கூடவே வந்தது. கிளைதான் வேறு, வங்கி ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் அன்று தெரியவில்லை.

கடன் பாக்கி உள்ள வங்கியிலேயே இன்னொரு கணக்கு தொடங்காதீர்கள். தொடங்க விட்டாலும் அதில் விழும் பணத்தை வங்கி கடனில் வரவு வைத்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கிக்குப் பற்றுரிமை, அதாவது பாக்கிக்காக உங்கள் பணத்தைப் பிடித்து வைக்கும் உரிமை தருகிறது, நீங்கள் கையெழுத்துப் போட்ட லோன் பேப்பரிலும் அப்படி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். லியன் போட்டுட்டாங்க என்று சொல்கிறோமே, அது இதுதான். வேறு வங்கிக்கு அந்தக் கடனுக்காக உங்கள் சேமிப்பில் தானாகக் கை வைக்க வழியில்லை. பழைய கணக்கில் கொடுத்த இஎம்ஐ அனுமதியும் புதிய கணக்குக்குத் தாவி வராது. இதனால் கடன் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, அது கட்ட வேண்டியதுதான். ஆனால் மாதச் சம்பளம் கைக்கு வந்து, அரிசி வாங்கி, பிள்ளை ஃபீஸ் கட்டி, மிச்சத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்று நீங்களே உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடம்தான் இந்தக் கணக்கு.

சரி, எந்தக் கணக்கு கேட்பது? இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அடிப்படை சேமிப்பு வங்கிக் கணக்கு, வங்கிக்காரர்கள் வாயில் பிஎஸ்பிடி அக்கவுன்ட். 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. தனியார் வங்கிகளும் இதைத் தர வேண்டும். மினிமம் பேலன்ஸ் கிடையாது, பணம் போடுவதற்கு வரம்பு கிடையாது, ஏடிஎம் கார்டுக்குக் கட்டணம் கிடையாது, மாதம் குறைந்தது நான்கு முறை இலவசமாக எடுக்கலாம். சும்மா போய் சேவிங்ஸ் அக்கவுன்ட் வேண்டும் என்றால், ஐயாயிரம் பத்தாயிரம் வைத்திருக்கச் சொல்லும் கணக்கைத்தான் பல தனியார் வங்கிகள் முதலில் நீட்டும். ஒருவருக்கு ஒரு அடிப்படைக் கணக்குதான், வேறு வங்கியில் இதே வகைக் கணக்கு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதே வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கு இருந்தால் 30 நாளில் அதை மூட வேண்டும்.

ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். 2014 ஆகஸ்ட் 28ஆம் தேதி தொடங்கிய திட்டம், ரூபே கார்டோடு விபத்துக் காப்பீடும் உண்டு. கிளைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் ஊரில் இருக்கும் வங்கி மித்ரா (வங்கியின் முகவர்) மையத்திலேயே தொடங்கலாம். அங்கே யாராவது கணக்குத் தொடங்க ஐந்நூறு கொடு, ஆயிரம் கொடு என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

சாதாரணக் கணக்கே வேண்டும் என்றால் அரசு வங்கிகளைப் பாருங்கள். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே மினிமம் பேலன்ஸை எடுத்துவிட்டது, கனரா வங்கி 2025 ஜூனிலும் நம்ம இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் எடுத்தன.

என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய இடம் தபால் நிலையம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி 2018 செப்டம்பரில் வந்தது, ஜீரோ பேலன்ஸில் கணக்கு தருகிறது, தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்துத் தொடங்கித் தருவார். பேமென்ட்ஸ் வங்கிகள் கடன் கொடுக்கவே கூடாது என்பது விதி, அதனால் உங்கள் கடன் வரலாறு அவர்களுக்குத் தேவையே இல்லை. முக்கியமான வரம்பு, நாள் முடிவில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது. நம்மில் பெரும்பாலோருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தபால் நிலையத்தின் பழைய சேமிப்புக் கணக்கு வேறு, அதற்கு ஐந்நூறு ரூபாய் இருப்பு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் கேளுங்கள். அக்காவுக்குக் கடைசியில் கணக்கு கிடைத்தது தபால்காரர் வழியாகத்தான், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம்.

ஆவணத்துக்கு வருவோம். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஆதாரில் 'மு. செல்வி' என்று இருக்கும், பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரும் சேர்ந்து இருக்கும், வோட்டர் ஐடியில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல் ஏறியிருக்கும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். மொபைல் ஆப்பில் வீடியோ கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செய்து ரிஜெக்ட் ஆகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம், அவர்களோ சிபில்தான் காரணம் என்று நினைத்து மனம் உடைந்து போகிறார்கள். ஆப்பில் ஒருமுறை ரிஜெக்ட் ஆனால் திரும்பத் திரும்ப முயற்சி செய்யாமல் நேரே கிளைக்குப் போங்கள். மனிதரிடம் விளக்க முடிந்ததை ஆப்பிடம் விளக்க முடியாது. அதற்கு முன்னால் ஆதாரையும் பான் கார்டையும் ஒரே மாதிரி திருத்திவிட்டால் இன்னும் நல்லது.

பான் இல்லையென்றால், பான் இல்லை என்று அறிவிக்கும் படிவம் (படிவம் 60 என்று சொல்லிவந்தது) போதும். முகவரிக்கும் அடையாளத்துக்கும் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வோட்டர் ஐடி, நூறு நாள் வேலை அட்டை, இதில் ஏதாவது ஒன்று. ஒன்றுமே கையில் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிறு கணக்கு என்று ஒன்று உண்டு, அதிகாரி முன்னால் போட்டோவில் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். வரம்புகள் கொஞ்சம் இறுக்கம்: இருப்பு 50,000 ரூபாய், மாதம் எடுப்பது 10,000, வருடம் முழுக்க வரவு ஒரு லட்சம். 12 மாதத்துக்குள் ஏதாவது ஒரு ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீட்டிப்பார்கள்.

மறந்துபோன பழைய கணக்கு விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பழைய கம்பெனிச் சம்பளக் கணக்கு, வேலையை விட்டதும் சாதாரணக் கணக்காக மாறி, மினிமம் பேலன்ஸ் அபராதம் ஏறி ஏறி மைனஸில் நிற்கும், போனால் ஐயாயிரம் கட்டச் சொல்வார்களோ என்று கிளைப் பக்கமே போக மாட்டார்கள். மினிமம் பேலன்ஸ் இல்லை என்ற அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டு வருடம் நீங்கள் எதுவும் செய்யாமல் விட்டு கணக்கு டார்மென்ட் (செயலற்றது) ஆகியிருந்தால், 2024 ஏப்ரல் முதல் அதற்கு மினிமம் பேலன்ஸ் அபராதமும் போடக் கூடாது, திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணமும் வாங்கக் கூடாது. தைரியமாகப் போய் கேஒய்சி கொடுத்து எழுப்புங்கள், அல்லது மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மைனஸ் காட்டினால் எந்தக் கட்டணத்தால் வந்தது என்று ஸ்டேட்மென்ட் கேளுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும், ஆனாலும் உங்கள் வங்கி மூலமாகத் திரும்ப வாங்கலாம். பெயர் போட்டுத் தேட உத்கம் என்ற போர்டல் இருக்கிறது.

போலீஸ் முடக்கம்தான் உண்மையிலேயே கடினமானது. கடையில் ஜிபே வாங்கினேன், வந்தது யாரோ ஏமாற்றிய பணம், அதனால் மொத்தக் கணக்கும் ஃப்ரீஸ் என்று தவிக்கும் சின்னக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்கள் வேறு வங்கிக்கு ஓடுவதற்கு முன் பழையதைத் தீர்ப்பதில் இறங்க வேண்டும், ஏனென்றால் சைபர் புகாரில் சிக்கியவர்களின் பட்டியலை இப்போது வங்கிகள் பார்க்கின்றன. வங்கியில் எழுத்தாகக் கேளுங்கள்: புகார் எண் என்ன, எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி மீதியை விடுவிக்கும்படி பில், ஸ்டேட்மென்ட், கடை உரிமம் வைத்து விசாரணை அதிகாரிக்கு மனு அனுப்புங்கள், நகல் வங்கிக்கும். நகரவில்லையென்றால் வக்கீல் வைத்து நீதிமன்றத்தில் மனு. விடுவித்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், புதிய வங்கியில் அதுதான் உங்களுக்காகப் பேசும்.

கமிஷன் தருகிறேன், உன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் ஒரு மாதம் கொடு என்று கேட்பவனிடம் கணக்கைக் கொடுத்துவிட்ட இளைஞர்கள் நிலைமை இதைவிட மோசம், அவர்கள் பெயரிலேயே வழக்கு வரும். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

கிளைக்குப் போகும்போது படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று சீல் வாங்குங்கள். கணக்கு தர முடியாது என்று வாயால் மட்டும் சொன்னால், சார், என்ன காரணம் என்று எழுதிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே பல இடங்களில் பேச்சு மாறும், நான் கண்ணால் பார்த்தேன். மாறவில்லையென்றால் அந்த வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) சிஎம்எஸ் என்ற புகார் போர்டல் வழியாகப் புகார் செய்யலாம். செலவே கிடையாது, விவரம் கேட்க 14448. கடன் பற்றி யாரும் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆமாம், அந்த வங்கியில் பாக்கி இருக்கிறது, கட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கு இங்கே லோன் வேண்டாம், சேமிப்புக் கணக்கு மட்டும் போதும் என்று சொன்னால் மேனேஜருக்குப் புரியும்.

சிபில் ரிப்போர்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கலாம். பாக்கி இல்லை என்று வங்கி தரும் நோ டியூ சான்றிதழை வைத்துத் திருத்தக் கேளுங்கள், 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கணக்கு கிடைத்ததும் பலர் மறக்கும் வேலை ஒன்று. மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் சம்பளம், கேஸ் மானியம் எல்லாம் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்ததோ அங்கேதான் போகும். 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை முதன்முதலாக வந்தபோது சில வங்கிகள் அந்த ஆயிரத்தையே மினிமம் பேலன்ஸுக்குப் பிடித்துக்கொண்டு பெரிய சர்ச்சையானது நினைவிருக்கும். புதிய கணக்கு தொடங்கும்போதே ஆதார் இணைப்புப் படிவத்திலும் கையெழுத்துப் போடுங்கள். சில நாள் கழித்து, ஆதாரில் பதிந்த மொபைலில் *99*99*1# அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். பழைய வங்கியின் பெயரே வந்தால் புதிய கிளைக்குத் திரும்பப் போய் மாற்றச் சொல்லுங்கள். அது மாறும் வரை பழைய கணக்கை மூட வேண்டாம், நடுவில் வரும் பணம் திரும்பிப் போய்விடும். அக்காவுக்கு இரண்டாவது முறை போன பிறகுதான் மாறியது.