சுயாதீனத் திரைப்படம்: படப்பிடிப்புக்கு முன்பே வெளியீட்டைத் திட்டமிடுவது எப்படி?

பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமல் எடுக்கப்படும் படங்களில் பல, நன்றாக எடுக்கப்பட்டிருந்தும் யாரையும் சென்று சேராமல் போகின்றன. பணத்தையும் உழைப்பையும் முழுவதுமாகப் படப்பிடிப்பில் செலவழித்துவிட்டு, படம் முடிந்த பிறகுதான் இதை யாருக்கு விற்பது என்று யோசிக்கத் தொடங்குவதே இதற்கு முதன்மையான காரணம். அந்த நேரத்தில் சரிசெய்ய முடியாத பல விஷயங்கள், திரைக்கதை எழுதும் கட்டத்தில் மிக எளிதாகச் செய்து முடிக்கக்கூடியவையாக இருந்திருக்கும். அதனால் இந்த விளக்கத்தை வெளியீட்டிலிருந்து பின்னோக்கி யோசிக்கும் முறையில் அமைத்திருக்கிறேன். முதல் படம் எடுக்கப் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் நல்லது.

படி 1: யாருக்கான படம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

"எல்லோரும் பார்க்கலாம்" என்ற பதிலை எந்த முதலீட்டாளரும் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. விளம்பரத்துக்குக் குறைந்த பணமே வைத்திருக்கும் ஒருவர், ஏற்கெனவே ஒன்றுகூடியிருக்கும் மக்களிடம்தான் போக முடியும். உங்கள் கதாநாயகி செவித்திறன் இல்லாத ஒரு மலையேறும் வீராங்கனை என்று வைத்துக்கொள்வோம். செவித்திறன் இல்லாதோர் சங்கங்கள், அவர்களுக்கான பள்ளிகள், சைகை மொழி ஆசிரியர்கள், மலையேற்றக் குழுக்கள் ஆகியவை உங்கள் முதல் பார்வையாளர்கள். இதை இப்போதே எழுதி வைத்தால், ஒலிக் குறிப்புகளுடன் கூடிய சப்டைட்டில் படத்தின் அடிப்படைச் செலவில் சேர வேண்டும் என்பதும், சைகை மொழி தெரிந்த ஒருவர் திரைக்கதையின் முதல் வடிவத்தையே படித்துப் பார்க்க வேண்டும் என்பதும் உடனே விளங்கிவிடும்.

படி 2: பட்ஜெட்டை இரண்டாகப் பிரியுங்கள்

படத்தை எடுக்க ஆகும் செலவு ஒரு பகுதி. எடுத்த படத்தைக் கைமாற்றிக் கொடுக்கவும் மக்களிடம் சேர்க்கவும் ஆகும் செலவு இன்னொரு பகுதி. எதிர்பாராத செலவுக்கென்று முதல் பகுதியில் 10 சதவீதம் ஒதுக்குவது வழக்கம். அதைப் பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள். இரண்டாவது பகுதியைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

விநியோகஸ்தர் ஒரு படத்தை வாங்கினால், படத்தோடு சேர்த்து ஒரு நீண்ட பட்டியலில் உள்ள பொருள்களையும் கேட்பார். திரையரங்குக்கான டிசிபி, அதாவது டிஜிட்டல் சினிமா தொகுப்பு, அதில் முதலாவது. அடுத்தது, வசனத்தை நீக்கி இசையையும் பிற ஒலிகளையும் மட்டும் தனியாக வைத்திருக்கும் ஒலித்தடம். இது இல்லாவிட்டால் வேற்று மொழியில் டப்பிங் செய்ய இயலாது. நேரக்குறியுடன் கூடிய வசனப் பட்டியல், சப்டைட்டில் கோப்புகள், எழுத்துகள் இல்லாத போஸ்டர், டிரெய்லர், சில நாடுகளில் சட்டச் சிக்கல்களுக்கான காப்பீடு ஆகியவையும் அந்தப் பட்டியலில் வரும். ஒலிக்கலவை செய்யும்போதே வசனம், இசை, பிற ஒலிகள் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து வைக்கச் சொல்வது சிறிய வேலை. ஓராண்டு கழித்து, கலைந்துபோன கோப்புகளிலிருந்து அதையே மீண்டும் உருவாக்குவது பெரும் செலவு.

படி 3: உரிமை ஆவணங்களை முழுமையாக்குங்கள்

படத்தின் ஒவ்வொரு பகுதியும் சட்டப்படி உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் காட்டும் ஆவணங்களின் தொடர்ச்சி அறுபடாமல் இருக்க வேண்டும். மூலக்கதை எழுதியவர், திரைக்கதை எழுதியவர், ஒவ்வொரு நடிகர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், படப்பிடிப்பு நடந்த இடத்தின் உரிமையாளர் என எல்லோரிடமும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் தேவை. நண்பர்தானே, பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விடும் ஒரே ஒரு காகிதம் படத்தின் விற்பனையையே நிறுத்திவிடலாம்.

இசையில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். ஏற்கெனவே வெளியான ஒரு பாடலைப் படத்தில் சேர்க்க இரண்டு வேறு உரிமைகள் தேவை: பாடலை இயற்றியதற்கான உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கான உரிமை மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். சிலர் பணத்தை மிச்சப்படுத்த, திரைப்பட விழாக்களில் காட்டுவதற்கான அனுமதியை மட்டும் மலிவாக வாங்கிவிடுகிறார்கள். விழாவில் படம் பாராட்டுப் பெற்று விநியோகஸ்தர் முன்வரும்போது, பாடலின் முழு உரிமைக்கு அதன் உரிமையாளர் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டும்; முடியாவிட்டால் அந்தக் காட்சியையே வெட்ட வேண்டும். பின்னாளில் முழு உரிமை என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது சரியான வழி. புதிதாக இசையமைக்கச் செய்து, அதன் உரிமையை எழுதிப் பெறுவது அதைவிட நல்ல வழி என்பது என் கருத்து.

படி 4: பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பிரித்துப் பாருங்கள்

திருப்பித் தர வேண்டாத பணம், லாபத்தில் பங்கு கேட்கும் பணம், வட்டியோடு திருப்பித் தர வேண்டிய பணம் என்று மூன்று வகைகள் உள்ளன. இதே வரிசையில்தான் தேடத் தொடங்க வேண்டும்.

முதல் வகையில் நிதியுதவிகள் வரும். ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி 1988-லிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா முதலிய பகுதிகளின் இயக்குநர்களுக்கு உதவி வருகிறது. பெர்லின் விழாவைச் சேர்ந்த உலக சினிமா நிதி 2004-ல் தொடங்கப்பட்டது. திரைக்கதை வளர்ப்பு, தயாரிப்பு, பின்தயாரிப்பு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி உதவிகள் இருப்பதால், உங்கள் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். சில நிதிகள் தங்கள் நாட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று விதிப்பதுண்டு. அத்தகைய கூட்டாளிகளைக் கண்டுபிடிப்பதற்காகவே ராட்டர்டாமில் 1983-லிருந்து சினிமார்ட் என்ற கூட்டுத் தயாரிப்புச் சந்தை நடந்து வருகிறது.

மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்க இயக்குநர் ஜான் கசாவெட்டிஸ் ஒரு வானொலி நிகழ்ச்சியில் பேசி, நேயர்கள் அனுப்பிய பணத்தைக்கொண்டு தம் முதல் படத்தைத் தொடங்கினார். 2009-ல் வந்த கிக்ஸ்டார்ட்டர் தளத்தில், அறிவித்த இலக்கை எட்டாவிட்டால் ஒரு பைசாகூட உங்கள் கைக்கு வராது. எனவே படத்தின் முழுச் செலவையும் இலக்காக வைக்காமல், பின்தயாரிப்பு போன்ற ஒரு கட்டத்தின் செலவை மட்டும் வைப்பது நல்லது. இப்படிப் பணம் தந்தவர்களின் முகவரிப் பட்டியல், வந்த தொகையைவிடவும் மதிப்பு வாய்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெளியீட்டு நாளில் முதலில் டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் அவர்களே.

கடன் வாங்குவதென்றால், ஏற்கெனவே கையெழுத்தான விற்பனை ஒப்பந்தத்தின் மீது மட்டும் வாங்குங்கள். எதிர்பார்ப்பின் மீது வாங்க வேண்டாம்.

படி 5: பணம் திரும்பும் வரிசையை எண்களில் எழுதுங்கள்

இந்த விளக்கத்திலேயே மிக முக்கியமான படி இதுதான். வசூலாகும் பணம் முதலில் யாருக்கு, அடுத்து யாருக்கு என்ற வரிசை ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடுகிறவர்கள், படம் ஓடிய பிறகும் தங்களுக்கு ஏன் எதுவும் வரவில்லை என்று திகைக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வரி நீங்கலாக டிக்கெட் விற்பனை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையரங்கு பாதியை எடுத்துக்கொண்டால் மீதம் 500. விநியோகஸ்தரின் கமிஷன் 30 சதவீதம், அவர் விளம்பரத்துக்குச் செய்த செலவு 200. படத்தை விநியோகஸ்தர்களுக்கு விற்றுத் தரும் விற்பனை முகவரின் கமிஷன் 20 சதவீதம், அவர் செய்த செலவு 60. ஒவ்வொருவரும் முதலில் கமிஷனையும் பிறகு செலவையும் கழித்தால் கணக்கு இப்படிப் போகும்: 500-ல் 150 போக 350, அதில் 200 போக 150, அதில் முகவரின் 30 போக 120, அவர் செலவு 60 போக, உங்களுக்கு வருவது 60.

இப்போது சதவீதங்களையும் செலவுகளையும் மாற்றாமல், முதலில் செலவைக் கழித்து, மீதத்தில் கமிஷன் எடுப்பதாக ஒப்பந்தம் எழுதிப் பாருங்கள். 500-ல் 200 போக 300. அதில் 30 சதவீதமான 90 போக 210. அதில் முகவரின் செலவு 60 போக 150. அதில் 20 சதவீதமான 30 போக, உங்களுக்கு வருவது 120. கழிக்கும் வரிசை மாறியதால் மட்டுமே உங்கள் தொகை இரட்டிப்பாகிறது. எதிர்த்தரப்பு இதற்கு எப்போதும் ஒப்புக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், அதற்கு மேல் செலவிட உங்கள் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்று கேட்பது எவராலும் மறுக்க இயலாத நியாயமான கோரிக்கை.

உங்களுக்கு வந்த அந்தத் தொகையிலிருந்தும் முதலில் கடனும் வட்டியும், பிறகு முதலீட்டாளர் போட்ட பணமும், அதற்கு மேல் ஒப்புக்கொண்ட கூடுதலும் போக வேண்டும். முதலீட்டாளர்களுக்கு அவர்கள் போட்ட பணத்தில் 120 சதவீதம் திரும்பிய பிறகு, மீதத்தை அவர்களும் தயாரிப்புத் தரப்பும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது அடிக்கடி காணப்படும் ஏற்பாடு. சம்பளத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்துழைத்த கலைஞர்கள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டுச் சொல்லாமல் இருப்பது நம்பிக்கைத் துரோகம்.

படி 6: படப்பிடிப்பிலேயே விளம்பரத்தைத் தொடங்குங்கள்

நிழற்படக் கலைஞர் ஒருவரைச் சில நாள்களுக்காவது நியமியுங்கள். படத்திலிருந்து பிடித்தெடுத்த ஒரு ஃபிரேம் 2கே அளவில் ஏறத்தாழ 2,000 பிக்சல் அகலமே இருக்கும்; அசைவின் மங்கலும் அதில் இருக்கும். அதைப் பெரிய போஸ்டராக அச்சிட்டால் முகம் தெளிவாக வராது. கதாநாயகியின் முகம் தெளிவாகத் தெரியும் பத்து நல்ல படங்கள், விழாக்களும் பத்திரிகைகளும் உங்கள் படத்தைத் தேர்ந்தெடுத்து அச்சிடுவதற்கு உண்மையிலேயே உதவும்.

படி 7: விழாவையும் விற்பனை முகவரையும் வரிசையறிந்து அணுகுங்கள்

முதல் திரையிடல் என்பது ஒரு முறை மட்டுமே செலவழிக்கக்கூடிய சொத்து. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள், பிற நாட்டின் பன்னாட்டு விழாவில் ஏற்கெனவே திரையிடப்பட்ட படத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. எனவே மேலிருந்து கீழாக ஒரு பட்டியல் தயாரித்து, பெரிய விழாவின் பதில் வரும்வரை சிறிய விழாவின் அழைப்புக்கு அவசரப்பட்டு இசையாதீர்கள். அதற்காக இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதும் தவறு, படம் பழையதாகிவிடும்.

விற்பனை முகவர்கள் படங்களை நாடு நாடாக விற்பது பெரும்பாலும் சந்தைகளில்தான். கான் விழாவோடு இணைந்த சந்தை 1959-லிருந்து நடக்கிறது. பெர்லின் விழாவை ஒட்டி ஐரோப்பியத் திரைப்படச் சந்தை நடக்கிறது. ஒரு முகவர் முன்வந்தால், அவர் இதற்கு முன் விற்ற படங்களின் தயாரிப்பாளர்கள் மூவரிடமாவது பேசி, கணக்கு ஒழுங்காக வந்ததா என்று கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

படி 8: ஒப்பந்தத்தின் வகையைத் தெரிந்து கையெழுத்திடுங்கள்

அவுட்ரைட் என்றால் ஒரு தொகைக்கு மொத்தமாக விற்றுவிடுவது. பிறகு லாபமோ நஷ்டமோ வாங்கியவருடையது. மினிமம் கியாரண்டி என்றால், ஒரு குறைந்தபட்சத் தொகை முன்பே வரும். வசூலில் உங்கள் பங்கு அந்தத் தொகையைத் தாண்டிய பிறகு மேற்கொண்டும் வரும். கமிஷன் அடிப்படை என்றால் முன்பணம் இல்லை. விநியோகஸ்தர் வேலை செய்து, தம் பங்கைக் கழித்துக்கொண்டு மீதத்தைத் தருவார். பெயர் இல்லாத முதல் படத்துக்கு மூன்றாவது வகைதான் அதிகம் கிடைக்கும்.

எந்த வகையானாலும், எந்தெந்த நாடுகள், எந்தெந்த வடிவங்கள், எத்தனை ஆண்டுகள் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். திரையரங்கு, தொலைக்காட்சி, ஓடிடி, விமானத்தில் காட்டும் உரிமை, கல்வி நிறுவனங்களுக்கான உரிமை ஆகியவை தனித்தனியே விற்கக்கூடியவை. நம் மலையேறும் வீராங்கனையின் படத்துக்குக் கல்வி உரிமையும் சங்கங்களில் திரையிடும் உரிமையும்தான் நீண்ட காலம் வருமானம் தரக்கூடியவை. விநியோகஸ்தர் அவற்றை எதுவும் செய்யப் போவதில்லை என்றால், அவற்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: வெளியீட்டைக் கட்டங்களாகப் பிரியுங்கள்

முதலில் இயக்குநர் கலந்துகொள்ளும் திரையிடல்கள், அடுத்துத் திரையரங்கு, பிறகு இணையத்தில் தனிக் கட்டணம், அதன் பிறகு சந்தாத் தளம், கடைசியாக விளம்பரத்துடன் கூடிய இலவசத் தளம் என்பது வழக்கமான வரிசை. சந்தாத் தளம் தனி உரிமை கேட்டு நல்ல தொகை தந்தால் நடுவில் உள்ள கட்டங்களை விட்டுவிடலாம். தனி உரிமை இல்லாமல், பார்க்கப்பட்ட நிமிடங்களுக்கு மட்டும் பணம் தரும் ஏற்பாடு என்றால், கட்டணத் திரையிடல்கள் முடியும்வரை படத்தை அங்கே ஏற்ற வேண்டாம்.

திரையரங்கு வெளியீட்டில், பல ஊர்களில் ஒரே நாளில் வெளியிட்டு முதல் வாரத்திலேயே காணாமல் போவதைவிட, ஓரிரு ஊர்களில் தொடங்கி, அரங்கு நிறைந்த செய்தியோடு அடுத்த ஊருக்குப் போவது குறைந்த பணத்துக்கு ஏற்றது. படி 1-ல் எழுதிய பட்டியலில் உள்ள ஒவ்வொரு சங்கத்துக்கும் திரையிடலுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே கடிதம் அனுப்பி, குழுவாக டிக்கெட் எடுக்கும் வசதியைச் சொல்லுங்கள்.

வெளியீட்டுக்குப் பிறகு, முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் அதன் பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் கணக்கு அறிக்கை வர வேண்டும் என்றும், உங்கள் தணிக்கையாளர் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விநியோக நிறுவனம் மூடப்பட்டாலோ, குறித்த காலத்துக்குள் படத்தை வெளியிடாவிட்டாலோ உரிமை தானாகவே உங்களிடம் திரும்பும் என்ற வாசகமும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். உரிமைக் காலம் முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பாகவே நாட்குறிப்பில் குறித்து வைத்திருந்தால், படத்தை வேறொரு விநியோகஸ்தருக்கோ தளத்துக்கோ மீண்டும் விற்பதற்கான பேச்சை உரிய நேரத்தில் தொடங்கலாம்.