தீவனக் காட்டுக்கு யூரியாவைக் குறைக்க: வேலை தொடங்கும் இடம் மாட்டுக் கொட்டம்

மாடு தின்னும் தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கு பாலில் போவதில்லை. சாணியாகவும் மூத்திரமாகவும் கொட்டத்திலேயே விழுந்துவிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் இருக்கிறது. சாம்பல் சத்துக்கோ (பொட்டாஷ்) மூத்திரம்தான் முக்கிய வழி. மதுரை மாவட்டத்தில் வாடிப்பட்டிப் பக்கமானாலும் திருமங்கலம் பக்கமானாலும், நடப்பு என்னவோ சாணியை மட்டும் அள்ளிச் சேர்த்துவிட்டு மூத்திரத்தைக் கழுவிச் சாக்கடையில் விடுவதும், பிறகு கம்பு நேப்பியர் தீவனப்புல்லுக்கு அறுப்புக்கு அறுப்பு யூரியா மூட்டை பிரிப்பதும்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கலப்பினக் கறவை நாளைக்கு 8 முதல் 10 லிட்டர் மூத்திரம் விடும். நான்கு மாட்டுக்கு 35 லிட்டர் என்று வைத்தால், ஓர் அறுப்புக்கும் அடுத்த அறுப்புக்கும் இடைப்பட்ட 45 நாளில் 1,500 லிட்டருக்கு மேல் வரும். அதில் 12 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. அதாவது அரை மூட்டைக்கு மேல் சாக்கடையில் போகிறது. முழுவதையும் பிடிக்க யாராலும் முடியாது. பாதி கிடைத்தாலே கையிருப்புதான். கீழே உள்ள அளவுகள் நான்கு கறவையும் ஒரு ஏக்கர் இறவைத் தீவனமும் உள்ளவருக்கு.

தரையும் தொட்டியும்

மண் தரையில் மூத்திரம் ஊறிப் போய்விடும். சிமென்ட் தரை போட்டு, மாடு வழுக்காமல் இருக்கக் கோடு கிழித்து, பின்பக்கம் 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு கொடுங்கள். பின்னால் ஓரடி அகலத்தில் ஆழமில்லாத கால்வாய். அதன் முடிவில் மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் உறை ஐந்தை இறக்கி, அடியையும் இணைப்புகளையும் பூசினால் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். உறை ஓரடி உயரம் என்றால் ஒன்றுக்கு 200 லிட்டர் கணக்கு.

மூடி கட்டாயம். திறந்து கிடந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கண்ணைக் கரிக்கும் அந்த நெடி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தவிட்டிலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் வந்த சத்து. கொசுவும் பெருகும்.

இதில் பலர் சறுக்குவது கழுவும் தண்ணீரில். காலையில் ஹோஸ் பிடித்து மொத்தத்தையும் தொட்டிக்குள் அடித்தால் இரண்டே நாளில் நிரம்பி வழியும். முதலில் சாணியை வறட்டாக அள்ளுங்கள். கழுவும் நேரத்தில் தொட்டி வாயை அடைத்து, கழுவு நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடுங்கள்.

சேர்ந்ததை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை பாசனத்தோடு விடுங்கள். ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்டினால் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு லட்சம் லிட்டர் ஓடுகிறது. 300 லிட்டர் மூத்திரம் அதில் தாராளமாகக் கரைந்துவிடும். கவனிக்க வேண்டியது சீராகப் போவதை. வாளியில் மொத்தமாக ஊற்றினால் முதல் பாத்தி கருகும், கடைசிப் பாத்திக்கு ஒன்றும் எட்டாது. ட்ரம்மில் சின்னக் குழாய் வைத்து, பாத்திகள் முடியும் வரை வாய்க்காலின் தலைமடையில் ஒழுகும்படி வையுங்கள். கையால் ஊற்றுவதானால் ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர். சொட்டு நீருக்கு வடிகட்டாமல் விடாதீர்கள். கிணற்று நீரே உப்பாக இருக்கும் கரிசல் காட்டில் ஒவ்வொரு தண்ணீரிலும் கலக்காமல் ஒன்று விட்டு ஒன்று கலக்கலாம்.

எருக்குழி

வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் கரைந்த குவியலில் மிஞ்சுவது பெரும்பாலும் சக்கைதான். 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் இரண்டு குழி போடுங்கள்; நான்கு மாட்டுச் சாணியும் கூளமும் சேர்ந்தால் ஒரு குழி மூன்று மாதத்துக்குள் நிரம்பும். குழி முழுவதும் பரப்பி மெல்லிய அடுக்காகப் போடாமல், ஒரு முனையிலிருந்து மூன்றடி மூன்றடியாக நிரப்புங்கள். மாடு கழித்த தட்டை, வைக்கோல் ஆகியவற்றை இரவில் மாட்டுக்கு அடியில் பரப்பி, மூத்திரத்தில் ஊறியதைக் காலையில் சாணியோடு சேர்த்துத் தள்ளுங்கள். தொட்டி கட்ட வசதியில்லாதவர் இதை மட்டும் செய்தாலும் கணிசமான சத்து தங்கும். சோழவந்தான் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு நன்றாக உறிஞ்சும். ஆனால் மக்காமல் வயலுக்குப் போனால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும்.

ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஓர் அங்குலம் கரம்பை (கண்மாய் வண்டல்) போடுங்கள். களிமண் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். கோடையில் கண்மாய் வற்றியதும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி அடித்து வைத்துக்கொள்ளலாம். மேலூர்ப் பக்கச் செம்மண்ணுக்கு இந்தக் கரம்பையே பாதி வைத்தியம். தரைக்கு மேல் ஒன்றரை அடி வந்ததும் கூரை முதுகாகக் கூட்டி, சாணியும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுங்கள். நான்கைந்து மாதத்தில் தயார். கையில் பிடித்தால் நெடி இல்லாமல் உதிர வேண்டும்.

குழியில் ஈரம் எவ்வளவு? ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரட்டும். ஓடினால் தண்ணீர் அதிகம்.

இந்த வட்டாரத்தில் இரண்டு தொல்லைகள் உண்டு. கோடையில் மேய்ச்சல் மாடு சீமைக் கருவேல நெற்றைத் தின்றால் கொட்டை செரிக்காமல் சாணியில் வரும். அந்த எருவை அப்படியே போட்டால் காடு முழுக்க முள் முளைக்கும். அந்தக் காலத்துச் சாணியைத் தனியாக நாலைந்து அடி உயரத்தில் குவித்து, உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும்படி ஈரம் காத்து, வாரம் ஒருமுறையாக மூன்று முறை புரட்டுங்கள். இன்னொன்று காண்டாமிருக வண்டு. திறந்த எருவில் முட்டையிட்டு, வளர்ந்து தென்னைக்குப் போகும். மெழுகிய குழியில் நுழையாது. புரட்டும்போது வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அதிகமானால் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்து எருவின் மேல் ஊற்றலாம்.

சொந்த எருவை டிப்பர் கணக்கில் விற்றுவிட்டு மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) டிஏபி உரம் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. விலைக்கு வாங்கும் தவிடு, புண்ணாக்கு வழியாக மணிச்சத்து உங்கள் நிலத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. அறுவடை முடிந்த கொல்லையில் மாட்டு மந்தையை இரவில் நிறுத்திக் கிடை போட முடிந்தால் இன்னும் நல்லது: புலிக்குளம் மாட்டுக் கிடையில் மூத்திரம் நேராக மண்ணில் இறங்கும், மறுநாளே ஒரு உழவு ஓட்டி மூடிவிட வேண்டும்.

புல்லோடு வேலிமசால்

நேப்பியர் மூன்று வரிசைக்கு வேலிமசால் ஒரு வரிசை. பயறு வகை என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கும், தீவனத்தில் புரதமும் ஏறும். விதையின் தோல் கெட்டி; அப்படியே தூவினால் மாதக்கணக்கில் ஒன்றிரண்டாக முளைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையைப் போட்டு ஐந்து நிமிடத்தில் வடித்து நிழலில் உலர்த்துங்கள். ஆறிய பிறகு ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலக்கவும். சூட்டோடு கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். தனிப்பயிருக்கு ஏக்கருக்கு 8 கிலோ, கலப்புக்கு 2 கிலோ போதும்.

ஏற்கெனவே புல் நிற்கும் காட்டில், அறுத்த மறுநாளே நான்காவது வரிசைத் தூரைப் பெயர்த்துவிட்டு விதையுங்கள். புல் வளர்ந்த பின் விதைத்தால் நிழலில் நோஞ்சானாகிப் போகும். முதல் வெட்டு 90 நாளில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு. புல்லைப் போல ஒட்ட அறுத்தால் துளிர்க்காது. மானாவாரிக்கு இந்தக் கலப்பு வேண்டாம். கொழுக்கட்டைப்புல்லும் முயல் மசாலும் கலந்து புரட்டாசி மழைக்கு விதையுங்கள்.

யூரியாவைக் குறைக்கும் விதம்

ஒரேயடியாக நிறுத்தினால் விளைச்சல் விழும். எரு தன் சத்தை மெல்லத்தான் விடும். முதலில் மண் பரிசோதனை: பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, ஓரமாக ஒரே கனத்தில் மண் சுரண்டி, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து வேளாண்மைத் துறை ஆய்வுக்கூடத்துக்கோ ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். எருக்குவியல் கிடந்த இடத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் எடுக்கக் கூடாது. அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு; அந்தக் காட்டில் அவசரப்படாமல் ஒரு வருடம் எருவை ஏற்றிவிட்டுப் பிறகு குறையுங்கள்.

குறைக்கத் தொடங்கும் அறுப்பில் வழக்கமான யூரியாவில் கால் பங்கைக் குறையுங்கள். பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டையில் மட்டும் பழைய அளவைப் போட்டு, நான்கு மூலையிலும் குச்சி நட்டு வையுங்கள். அறுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் சதுரத்தை நான்கு இடத்தில் அறுத்து எடை போடுங்கள். எடை ஒத்து வந்தால் அடுத்த அறுப்பில் இன்னொரு கால் பங்கு. குறைந்தால் அங்கேயே நிற்கவும். கண்ணளவில் பச்சையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கரும்பச்சையாக நிற்கும் புல் அதிகத் தழைச்சத்தையும் காட்டும்.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மூத்திரமும் யூரியாவும் சேர்ந்து போய், பிறகு தண்ணீரில்லாமல் வாடிய புல்லில் நைட்ரேட் சேரும். தின்ற மாடு மூச்சு வாங்கும், ரத்தம் பழுப்பாகும், விழுந்தும் போகும். மூத்திரம் விடுவதை அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். வாடிய புல்லை வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள்.

அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகி வந்தால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். ஏக்கருக்கு 10 கிலோ யூரியாவைத் திரும்பச் சேர்க்கலாம். அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் அது சாம்பல் சத்துக் குறை. அப்போது பொட்டாஷ் வாங்கப் போகுமுன் தொட்டியின் அடியைப் பாருங்கள், எங்காவது கசிகிறதா என்று.