கப்பல் படிப்புக்குக் கல்லூரி தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

கண் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் முதல் தவறு. நிறக்குருடு இருந்தால் டெக் (கப்பலைச் செலுத்துவது), எஞ்சின் (இயந்திரங்களைப் பார்ப்பது) இரண்டு பிரிவிலும் இடமில்லை. புள்ளிப் படங்களை வைத்துச் சோதிக்கும்வரை பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. டெக் பக்கம் போகிறவருக்குக் கண்ணாடி போடாமலே 6/6 பார்வை வேண்டும். எஞ்சின் பக்கம் ஓரளவு பவர் இருக்கலாம். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, கப்பல் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தெருமுனைக் கண்ணாடிக் கடையில் வாங்கும் சீட்டு இதற்குச் செல்லாது. மதிப்பெண்ணையும் அப்போதே சரிபாருங்கள்: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 60 சதவீதம், பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம்.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்திலேயே எல்லாப் படிப்பும் கப்பலில் ஏற்றிவிடாது. கடல்சார் லாஜிஸ்டிக்ஸ் பிபிஏ கரையில் வேலை பார்ப்பதற்கான படிப்பு. நேவல் ஆர்க்கிடெக்சர் கப்பலை வடிவமைக்கக் கற்றுத் தருவது. படித்தவர் மரைன் எஞ்சினியர் ஆகிவிட மாட்டார். கப்பல் அதிகாரியாக வேண்டுமென்றால் பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ் (டெக், 3 ஆண்டு), டிஎன்எஸ் எனப்படும் டிப்ளமோ (டெக், 1 ஆண்டு), பி.டெக். மரைன் எஞ்சினியரிங் (4 ஆண்டு) ஆகியவையே பிளஸ் டூ முடித்தவருக்கான நேர் வழிகள். தனியார் கல்லூரி என்றால், டிஜி ஷிப்பிங் அனுமதி அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். வேறொரு படிப்புக்கு வாங்கிய அனுமதி உங்கள் பிள்ளைக்கு உதவாது.

மிகப் பெரிய தவறு, பட்டம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பது. பட்டம் அதிகாரியாக்காது. கடல் சேவை முடித்து, தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். பி.எஸ்சி. முடித்தவர் 12 மாதமும் டிஎன்எஸ் முடித்தவர் 18 மாதமும் கேடட்டாக, அதாவது பயிற்சியாளராக, கப்பலில் இருந்தால்தான் செகண்ட் மேட் (டெக் பிரிவின் தொடக்கநிலை அதிகாரி) தேர்வுக்குப் போகலாம். மரைன் எஞ்சினியருக்கு 6 மாதம். ஒரு கப்பலில் கேடட்டுகளுக்கென்று இருக்கும் இடமோ சொற்பம். அதனால் கல்லூரி முடித்துவிட்டுக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. டிஎன்எஸ் படித்தவர் நிலைமை இதில் இன்னும் மோசம்: கப்பல் ஏறாவிட்டால் கையில் மிஞ்சுவது ஓராண்டு டிப்ளமோ மட்டும். ஒரு கப்பல் நிறுவனம் தன் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுத்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் தன் கப்பலில் ஏற்றிக்கொள்வதாக ஸ்பான்சர்ஷிப் கடிதம் தராதவரை டிஎன்எஸ்ஸில் சேர வேண்டாம் என்றே சொல்வோம்.

‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்ற பலகையைப் பார்த்துச் சேர்வதும் இதே தவறுதான். நேர்காணலுக்கு அழைத்ததையே கணக்கில் காட்டலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசி இரண்டு பேட்சில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள், எந்த நிறுவனத்தில், படிப்பு முடிந்து எத்தனை மாதத்தில்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு ஏஜென்ட். கப்பலில் வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் எனப்படும் ஆள்சேர்ப்பு உரிமத்தின் எண் இருக்கும். அதைக் கேட்டு, டிஜி ஷிப்பிங் தளத்தில் ஒப்பிடுங்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த லட்சங்கள் போன பிறகு, ஏதோ ஒரு நாட்டின் பெயரில் வந்த சிடிசி (மாலுமியின் அடையாளப் புத்தகம்) இங்கே செல்லாது என்று தெரிந்து நிற்கும் குடும்பங்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

கல்லூரி மாடியிலிருந்து கடல் தெரிவது தகுதி ஆகாது. விடுதியையும் வகுப்பறையையும் மட்டும் சுற்றிக் காட்டினால், பட்டறையைத் திறக்கச் சொல்லுங்கள். டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடும் எஞ்சினில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கும். பெயின்ட் புத்தம் புதிதாகப் பளபளத்தால், அதை மாணவர்கள் கடைசியாக எப்போது கழற்றிப் பூட்டினார்கள் என்று அங்கேயே நிற்கும் ஒரு மாணவரிடம் கேளுங்கள்.