பட்டம் இருக்கிறது, அடிப்படையில் ஓட்டை: முதுகலைக்கு விண்ணப்பிக்குமுன் அடைக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் பலருக்கும் ஒரு பயம் உண்டு: “என் படிப்பில் குறை இருக்கிறது, எடுப்பார்களா?” முதலில் அந்தக் குறை எந்த வகை என்று பாருங்கள். சிஜிபிஏ (பட்டப்படிப்பின் மொத்தச் சராசரிப் புள்ளி) போதவில்லை, பட்டம் வேறு துறை என்றால் அது தகுதிக் குறை. புள்ளியியலோ ஆய்வு முறையோ படித்ததே இல்லை என்றால் அறிவுக் குறை. வேலை தெரியும், காட்டத்தான் காகிதம் இல்லை என்றால் சான்றுக் குறை. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் காசுதான் கரையும். சிஜிபிஏ குறைந்தவர் இணையச் சான்றிதழ் பத்து சேர்த்து வைப்பது அந்த ரகம்.

தகுதிக் குறையிலிருந்து தொடங்குவோம். எம்கியூஏ எனும் மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி, பாடநெறி வழி (வகுப்புப் பாடங்களாகப் படிக்கும்) முதுகலைக்குப் பொதுவாக சிஜிபிஏ 2.50 வேண்டும். அதற்குக் கீழே என்றால் அதே துறையில் வேலை அனுபவம் காட்ட வேண்டியிருக்கும், பல இடங்களில் 5 ஆண்டு கேட்பார்கள். இது அடிமட்ட அளவு, 2.75 அல்லது 3.00 கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆகவே நீங்கள் சேர விரும்பும் துறையின் இணையப் பக்கத்தையே பாருங்கள், பொதுப் பக்கத்தை நம்பாதீர்கள். அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, செய்த வேலைகள் நான்கும் இருக்க வேண்டும். “நேர்மையான ஊழியர்” என்று மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தால் ஊழியர் சேமநிதி அறிக்கையும் நியமனக் கடிதமும் துணைக்கு வரும்.

பட்டமே இல்லாமல் டிப்ளோமாவோ ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மோ மட்டும் வைத்திருக்கும் 30 வயது கடந்தவர்களுக்கு எம்கியூஏவின் ‘ஏபெல்’ வழி இருக்கிறது. அனுபவத்தை மதிப்பிட்டு நுழைவு கொடுப்பார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் நுழைவுக்கு மட்டும்தான். அதைப் பட்டத்துக்குச் சமமாக எங்கும் காட்ட முடியாது.

அறிவுக் குறைதான் நிறைய வேலை கேட்பது. சேர விரும்பும் முதுகலையின் பாட அமைப்பை இறக்கி, முதல் பருவப் பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு அடிப்படையான பாடத்தைப் பட்டப்படிப்பில் எந்தப் பருவத்தில் படித்தீர்கள், என்ன கிரேடு என்று குறியுங்கள். எதிரே வெறுமையாக இருக்கும் வரிகள்தான் உங்கள் குறை. சி கிரேடு வாங்கிய வரிகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேறிவிட்டோம் என்பது தெரியும் என்பதாகாது.

பிறகு உங்களையே சோதித்துப் பாருங்கள். புள்ளியியலில் ஓர் உதாரணம்: ஒரே 30 மாணவர்களின் மதிப்பெண்ணைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்தால் எந்தச் சோதனை பொருந்தும்? இரண்டு வெவ்வேறு வகுப்புகளை ஒப்பிட்டால் எது? முதலாவதுக்கு இணைத்த டி சோதனை, இரண்டாவதுக்குச் சார்பற்ற டி சோதனை. விடை தெரிந்தால் போதாது, ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். தடுமாறினால் ஆய்வு முறை வகுப்பின் மூன்றாவது வாரத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது? மலேசியக் கணக்கில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. வாரம் 6 மணி ஒதுக்கினால் 20 வாரம், அதாவது ஏறக்குறைய 5 மாதம். மனு முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டு பாடம் குறை என்றால் அதே வேகத்தில் 10 மாதம். “ஒரு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விடுகிறார்கள். ஞாயிறு காலை 3 மணி, வார நாள் இரண்டில் தலா ஒன்றரை மணி என்று பிரிப்பது, வேலை முடிந்து தினம் ஒரு மணி என்பதைவிட நிலைக்கும். வீட்டில் இணையம் இழுத்தால், முன்பு பெடி என்றிருந்த இன்றைய நாடி மையம் (அரசின் சமூக இணைய மையம்) பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பாடங்களை இறக்கிக்கொண்டு வீட்டில் படிக்கலாம்.

மொழிச் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலை படித்து, ஆங்கிலக் கட்டுரை வாசிக்கும் இடத்துக்கு வந்தவருக்குப் பாடமே கடினம் என்று தோன்றும். பல நேரம் கடினமானது சொல்தான். ஒரு நோட்டில் ஆங்கிலம், மலாய், தமிழ் என்று மூன்று கட்டம் போடுங்கள்: வேரியபல், பெம்போலேஉபா, மாறி. ஸ்டாண்டர்ட் டிவியேஷன், சிசிஹான் பியாவாய், திட்ட விலக்கம். ஐம்பது அறுபது சொல் சேர்ந்ததும் வாசிக்கும் வேகம் மாறுவது தெரியும். கூடவே வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை வாசித்து, பார்க்காமல் 150 சொல்லில் சுருக்கி எழுதுங்கள்.

இனி சான்று. இணையப் பாடத்தை இலவசமாகப் பார்த்து முடித்ததாக வரும் சான்றிதழுக்குத் தேர்வுக் குழுவில் அவ்வளவு மதிப்பில்லை. கிரேடு போட்ட பாடத்துக்குத்தான் மதிப்பு. அதைவிட வலுவானது, கற்றதை வைத்து நீங்களே செய்த ஒரு சின்ன ஆய்வு. தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்) ஒருவர் வணிகப் பட்டத்தோடு தரவு சார்ந்த முதுகலைக்குப் போகிறார் என்று வையுங்கள். மலேசியப் புள்ளியியல் துறை வெளியிடும் ரப்பர் உற்பத்தியின் மாதக் கணக்கை எடுத்து 6 பக்க அறிக்கை எழுதலாம். இங்கேதான் ஊர் அறிவு கைகொடுக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலை கொட்டும் காலத்தில் பால் குறையும். இதை அறியாதவர் மார்ச்சை டிசம்பரோடு ஒப்பிட்டு உற்பத்தி விழுந்துவிட்டது என்று எழுதிவிடுவார். மார்ச்சைப் போன வருட மார்ச்சோடு ஒப்பிட்டு, ஏன் என்று ஒரு பத்தி எழுதினால், சிந்திக்கத் தெரிந்தவர் என்பது குழுவுக்குப் புரியும். நிறுவனத்தின் உள் கணக்கையோ மாணவர்களின் மதிப்பெண்ணையோ அனுமதியின்றி எடுக்காதீர்கள்.

விளக்கக் கடிதத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். “குடும்பச் சூழ்நிலையால் முதலாண்டில் கவனம் செலுத்த இயலவில்லை, ஆயினும் எனக்கு ஆர்வம் உண்டு” என்றால் குழு பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆறு பருவங்களில் ஒருவருடைய சராசரி 2.10, 2.25, 2.40, 3.10, 3.35, 3.50 என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் சமமாக இருந்தால் மொத்தம் 2.78தான். அவர் இப்படி எழுதலாம்:

“முதல் 3 பருவங்களில் வாரம் 30 மணி நேரம் வேலை செய்துகொண்டே படித்தேன், சராசரி 2.25. வேலையை விட்ட பின் கடைசி 3 பருவங்களில் 3.32. பட்டத்தில் புள்ளியியல் படிக்கவில்லை. இவ்வாண்டு 3 கிரெடிட் பாடமாக அதை முடித்து ஏ மைனஸ் பெற்றேன். அதைக் கொண்டு செய்த 6 பக்க ஆய்வை இணைத்துள்ளேன்.”

ஐந்தே வாக்கியம். இதற்குமேல் நீட்டினால் கடிதம் முழுவதும் குறையைப் பற்றியதாகிவிடும். தவறிய பாடத்தை மறைக்கவும் வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் அது எப்படியும் தெரியும்.

பரிந்துரை எழுதும் விரிவுரையாளர் உங்களைப் பார்த்து ஆறேழு ஆண்டு ஆகியிருந்தால் நினைவு இருக்காது. மதிப்பெண் பட்டியல், இறுதியாண்டு ஆய்வு, புதிய அறிக்கை மூன்றையும் 4 வாரம் முன்பே அனுப்பி, குறையை எப்படி அடைத்தீர்கள் என்று ஒரு வரி குறிப்பிட முடியுமா என்று கேளுங்கள். உங்கள் வாயால் சொல்வதைவிட அவர் சொன்னால் எடை அதிகம்.

நகல்களை உறுதிப்படுத்த யார் கையெழுத்து செல்லும் என்பதைப் பாரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் போதும் என்று ஓரிடத்தில் இருக்கும். சத்தியப் பிரமாண ஆணையர்தான் வேண்டும் என்று இன்னோரிடத்தில் இருக்கும்.

துறை மாறுபவர்களுக்கு முன்தேவைப் பாடங்களை எடுக்கும் நிபந்தனையோடு இடம் கிடைப்பதுண்டு. அந்தக் கடிதம் வந்ததும் துறைக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை பாடம், அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா, எந்தக் கிரேடுக்குக் கீழே போனால் இடம் ரத்தாகும். நீங்களே முடித்த பாடத்தின் பாடத்திட்டத்தையும் கிரேடையும் அதே மின்னஞ்சலில் இணைத்து, விலக்கு கிடைக்குமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.